முதல் பந்தித் தேங்காய்ப்பூ

காதர்பட்டினத்தில் கலியாணத் தேதி குறிப்பதற்கு முன்னால் கலந்தர் பண்டாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். மாப்பிள்ளை கிடைத்தாலும் கிடைப்பார், கலந்தர் கிடைக்க மாட்டார் என்பது ஊர்ப் பேச்சு. பட்டுக்கோட்டையிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் சாலையில் கடைசியாக வரும் சின்னப் பட்டினம் அது. அங்கே விருந்துச் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். பண்டாரிகள் நாலைந்து பேர் உண்டு. ஆனால் நெய்ச்சோறு என்று சொன்னால் கலந்தர் முகம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

வயது ஐம்பத்தெட்டு. கூடப்பிறந்த மூன்று பேரும் துபாய், தம்மாம், தோஹா என்று ஆளுக்கொரு பக்கம் போய் மாடி வீடு கட்டிவிட்டார்கள். இவர் பாஸ்போர்ட்டுக்குப் படம்கூடப் பிடித்ததில்லை. "அங்க போனாலும் அடுப்புதானே. அத இங்கயே எரிச்சுக்கிறேன்" என்பார். அவர் மனைவி சைத்தூன் பீவி இதைக் கேட்கும்போதெல்லாம் கூரையைப் பார்ப்பாள். கூரை ஓட்டுக்கூரை.

சமையலில் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. ஆனால் கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு நீளம். "என் அடுப்படிக்குள்ள பாக்கெட் நுழையாது" என்று ஒரு வசனம் வைத்திருந்தார். மசாலா அரைக்க வேண்டும், இஞ்சி பூண்டு இடிக்க வேண்டும், தேங்காய் அன்றைக்கே உடைத்து அன்றைக்கே துருவ வேண்டும். பக்கத்து ஊர்ப் பண்டாரி ஒருவர் இஞ்சி பூண்டு விழுதைப் பாக்கெட்டில் வாங்கினார் என்று கேள்விப்பட்டு, ஒரு வருஷம் முழுக்க எந்தக் கலியாணத்தில் பார்த்தாலும், "என்ன காக்கா, கத்தரிக்கோல் கொண்டாந்தீங்களா, பாக்கெட் வெட்ட" என்று நாலு பேர் முன்னால் கேட்டு அந்த மனிதரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார். இப்படி ஊரைக் கேலி செய்கிறவன் தான் சறுக்காமல் இருக்க வேண்டும். கலந்தர் சறுக்கினார்.

சறுக்கிய இடம் துணிக்கடை அப்சர் மகள் இர்ஃபானாவின் கலியாணம். ஜனவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. முதல் பந்தி ஆண்களுக்கு, நாற்பது சஹன். இரண்டாம் பந்தி பெண்களுக்கு, முப்பத்தைந்து சஹன். நாலு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். அந்தத் தட்டுக்குத்தான் சஹன் என்று பேர். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தாளிச்சா, ஓரத்தில் பீட்ரூட் அல்வா. அல்வாவின் மேல் பச்சைத் தேங்காயைத் துருவிப் பூப்போலத் தூவி அனுப்புவது கலந்தர் கையெழுத்து. அந்த வெள்ளை தெரியாவிட்டால் அது கலந்தர் வைத்த அல்வா ஆகாது.

தேங்காய் துருவ வருகிறவள் வைரக்கண்ணு. உள்ளே ஒரு வயல் கிராமத்துக்காரி. நடவு, களையெடுப்பு, நூறுநாள் வேலை எல்லாம் போக, கலியாண நாட்களில் தன் ஊர்ப் பெண்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு துருவியும் கையுமாக வந்து இறங்குவாள். பதினெட்டு வருஷமாக அவள் வராத கலந்தர் விருந்து கிடையாது. அன்றைக்குப் பார்த்து ரயில்வே கேட் பழுதாகித் திறக்க மறுத்தது. பஸ் ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றது. கலந்தர் நாலு தடவை போன் போட்டார். "கேட்டுலதான் பாய் நிக்கிறோம், எறங்கி நடக்கலாம்னா சாமான் கனமா இருக்கு" என்றாள் அவள். பந்தி போட அரைமணி நேரம்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கைகழுவி உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

வெள்ளை இல்லாமல் அல்வாவை அனுப்பியிருக்கலாம். யாரும் செத்துப் போயிருக்க மாட்டார்கள். ஆனால் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. கலந்தர் ஆளனுப்பவில்லை. தானே செருப்பை மாட்டிக்கொண்டு மண்டபத்தின் பின்வாசல் வழியாகத் தெருமுனைக் கடைக்குப் போய், இரண்டு கிலோ தேங்காய்த் தூள் பாக்கெட் ஒன்றை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தூளில் இளநீர் தெளித்துப் பிசறினார். பார்த்தால் அசல் பச்சைத் தேங்காய். அல்வாவில் ஒரு விள்ளலோடு சேர்த்து வாயில் போட்டுப் பார்த்தார். பழுதில்லை. நாற்பது சஹனுக்கும் தூவி அனுப்பிவிட்டார்.

முதல் பந்தி எழுந்திருக்கும்போது வைரக்கண்ணு ஓடி வந்தாள். இரண்டாம் பந்திக்குத் தேங்காய் புதிதாகத் துருவியாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கலந்தர் மீதி அரைப் பாக்கெட்டைத் துண்டில் மறைத்து வீட்டுக்குக் கொண்டு போய், "கோழிக்குப் போட்டுடு" என்று சைத்தூன் பீவியிடம் கொடுத்தார். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தார்.

மறுநாள் மாலையிலிருந்து ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படுக்க ஆரம்பித்தார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்றை முறுக்கும் வலி. செவ்வாய்க்கிழமைக்குள் முப்பத்தெட்டு பேர். எட்டுப் பேருக்கு டிரிப் ஏற்றினார்கள். புது மாப்பிள்ளை மாமியார் வீட்டில் முதல் மூன்று நாளும் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தே கழித்தான். பெண்கள் ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. "நாங்க அளவா சாப்பிட்டோம், அவங்க அலையா அலைஞ்சாங்க" என்று பெண்கள் பக்கத்தில் சிரிப்பு. எல்லோரும் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டார்கள், அல்லாஹ் காப்பாற்றினான். எழுந்ததும் முதல் வேலையாகக் கலந்தரைத் திட்டினார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கறி பழையது என்றார்கள், நெய்யில் கலப்படம் என்றார்கள். பிப்ரவரியில் குறித்திருந்த இரண்டு கலியாணக்காரர்கள், "காக்கா, கொஞ்சம் பொறுத்துப் பாத்துக்குவோம்" என்று நல்லபடியாகவே சொல்லிவிட்டுப் பக்கத்து ஊர்ப் பண்டாரியிடம் போனார்கள். கத்தரிக்கோல் கொண்டாந்தீங்களா என்று கலந்தர் கேட்டாரே, அதே பண்டாரியிடம். அந்தச் செய்தி வந்த அன்றைக்குக் கலந்தர் சாப்பிடவில்லை.

விசாரிக்க வந்தவர்கள் இருவர். ஒருவர் அந்தப் பகுதிச் சுகாதார ஆய்வாளர் அன்பரசன். இன்னொருவர் தஞ்சாவூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் கிருமி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் டாக்டர் மதிவதனி. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு தெருவில், அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்ட வயலைப் பார்த்துக்கொண்டே படித்து வந்த பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு கட்டுத் தாள் வைத்திருந்தார். ஒவ்வொருவரும் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று நிரப்ப வேண்டிய தாள்.

முதல் வீட்டிலேயே தாள் படுத்துவிட்டது. "எவ்வளவு கறி சாப்பிட்டீங்க" என்றால், "அது எப்படிம்மா தெரியும், நாலு பேரு கையும் உள்ள போகுது" என்றார்கள். "அல்வா?" "நான் எடுத்தேனா மச்சான் எடுத்தாரான்னு யாரு பாத்தா." மதிவதனி இரண்டு வீடு பார்த்தார். மூன்றாவது வீட்டில் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். "உங்க சஹன்ல யாரு யாரு உக்காந்தீங்க?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. என்ன சாப்பிட்டோம் என்பதை மறப்பார்கள், யாரோடு சாப்பிட்டோம் என்பதை அந்த ஊரில் பத்து வருஷமானாலும் மறக்க மாட்டார்கள். மாலைக்குள் நாற்பது வட்டமும் நிரம்பிவிட்டன. அதில் ஒரு வட்டம் மட்டும் விசித்திரமாக இருந்தது. முதல் பந்தியில் எல்லாப் பக்கமும் ஆட்கள் படுத்திருக்க, நடுவில் ஒரு சஹனைச் சுற்றியிருந்த நாலு பேரும் கல்லுக்குண்டாக இருந்தார்கள். மதிவதனி அவர்களைத் தேடிப் போனார். நாலு பேருக்கும் சர்க்கரை நோய். எந்த விருந்திலும் நாலு பேரும் ஒன்றாகவே உட்கார்ந்து, அல்வாவைத் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்தவர் தொடுகிறாரா என்று ஒருவரையொருவர் காவல் காப்பார்கள்.

"அப்ப அல்வாதான்" என்றார் மதிவதனி. "ரெண்டு பந்திக்கும் ஒரே அல்வாவா பாய்?"

"ஒரே தேக்சா. ஒரே கிண்டு" என்றார் கலந்தர். தேக்சா என்றால் சமையல் அண்டா.

"மேல தூவின தேங்காய்?"

கலந்தர் முகத்தை நிமிர்த்திக்கொண்டார். "அதுவும் ஒண்ணுதான். கையால துருவினது. என் அடுப்படிக்குள்ள பாக்கெட் நுழையாதுங்க. ஊருல யார வேணா கேளுங்க."

ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொன்னார்கள். மதிவதனி அதை எழுதிக்கொண்டார். அன்பரசன் மட்டும் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். விருந்தில் கைவைத்தவர்கள் எல்லோரும் மலம் பரிசோதனைக்குத் தர வேண்டும், நாளைக் காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிடுங்கள் என்றார். முப்பது வருஷம் ஊருக்குச் சோறு போட்டவரிடம் கேட்கிற பொருளா இது என்று கலந்தர் அன்றிரவெல்லாம் புலம்பினார். விடிந்ததும் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. டப்பாவைக் காகிதத்தில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, அதைச் சைத்தூன் பீவி கறி வாங்கும் மஞ்சள் பைக்குள் வைத்து நடந்தார். வழியில் பக்கத்து வீட்டு அஸார் ஸ்கூட்டரை நிறுத்தினான்.

"என்ன மாமா, காலங்காத்தால பையோட. எந்த வீட்டுக்கு விருந்து?"

"சர்க்காருக்கு" என்றார் கலந்தர்.

அந்த வாரக் கடைசியில் முடிவு வந்தது. வைரக்கண்ணுவுக்கும் மற்ற பெண்களுக்கும் ஒன்றுமில்லை. கலந்தருக்கு ஒரு வலியும் இல்லை, ஒரு தடவை கூட வயிறு போகவில்லை, ஆனால் அவருடைய டப்பாவில் அதே சால்மொனெல்லா கிருமி இருந்தது. அன்பரசன் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். தொடர்ந்து மூன்று பரிசோதனையில் கிருமி இல்லை என்று வரும்வரை அடுப்பைத் தொடக்கூடாது. இப்படிப்பட்ட செய்தி எந்த ஊரில் இரகசியமாக இருந்திருக்கிறது? பண்டாரி கையிலிருந்துதான் எல்லாருக்கும் போயிருக்கிறது என்று மாலைத் தொழுகைக்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது.

கலந்தருக்கு அது நெஞ்சில் அடித்தது. தன் கையா? சோறு போட்ட கையிலிருந்தா நோய் போனது? இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தப் பாக்கெட் அவர் ஞாபகத்துக்கு வரவே இல்லை என்று சொன்னால் பொய். வந்தது. கடையில் விற்கிற பொருள், சீல் உடைக்காதது, அதில் என்ன இருக்கப் போகிறது என்று அதை ஒதுக்கி ஒதுக்கி வைத்தார்.

மூன்றாவது வாரம் மதிவதனி போன் செய்தார். குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

"பாய், ஒரு விஷயம் கெடச்சிருக்கு. கிருமிக்குள்ள அதோட உடம்புக் குறிப்பு எழுத்து வரிசையா இருக்கும். ஏறக்குறைய நாப்பத்தெட்டு லட்சம் எழுத்து. ஜீனோம்னு சொல்லுவோம். அத முழுசா வாசிச்சுட்டோம். படுத்தவங்கள்ல பதினோரு பேருகிட்ட எடுத்ததும் உங்ககிட்ட எடுத்ததும் ஒரே கிருமி. ஒண்ணு ரெண்டு எழுத்துதான் மாறுது."

"அப்ப எங்கிட்டேர்ந்துதான் போயிருக்கா டாக்டரம்மா?"

"அத இந்த எழுத்து மட்டும் சொல்லாது. நீங்க அவங்களுக்குக் குடுத்தீங்களா, இல்ல உங்களுக்கும் சேத்து வேற எதுலேர்ந்தாவது வந்துச்சான்னு பாக்கணும். அதுக்கு ஒரு வழி இருக்கு. உலகத்துல எந்த ஊரு ஆய்வகத்துல இப்படி வாசிச்சாலும், அதக் கொண்டாந்து ஒரு பொது எடத்துல வைப்பாங்க. யாரு வச்சது வேணா யாரும் எடுத்துப் பாக்கலாம். நாங்களும் உங்க கிருமிய அங்க வச்சோம்."

கலந்தர் யோசித்தார். "சஹன் மாதிரியா?"

மறுமுனையில் சிரிப்பு. "அதேதான் பாய். எல்லா நாடும் ஒரே சஹன். அங்க வச்சுப் பாத்தா, நாலு மாசத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல ஒரு துறைமுகத்துல எடுத்த கிருமி நம்முளுதோட ஒட்டிக்கிட்டு நிக்குது. மூணே எழுத்து வித்தியாசம்."

"நான் பாஸ்போர்ட்டே எடுக்கலியே" என்றார் கலந்தர், பதறிப்போய்.

"அதான் நல்ல சேதி. அது உங்ககிட்டேர்ந்து போயிருக்க முடியாது. அங்க அது எதுல இருந்துச்சு தெரியுமா? இந்தியாவுலேர்ந்து போன தேங்காய்த் தூள்ல" என்றார் மதிவதனி. "பாய், இன்னொரு தடவ கேக்குறேன். பாக்கெட் தேங்காய்த் தூள் எதாவது, கொஞ்சமாவது, அன்னிக்கு வந்துச்சா?"

கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு போடுகிறார்கள். பிடித்துக்கொண்டு ஏற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கலந்தருக்கு அந்த நேரத்தில் பக்கத்து ஊர்ப் பண்டாரியின் முகம் தெரிந்தது. அவர் கையில் ஒரு கத்தரிக்கோல் தெரிந்தது.

"இல்லீங்க" என்றார்.

பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள், ஆனால் அதற்கு நல்ல கை உண்டு. எங்கே போய் யாரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. தேங்காய் என்ற சொல் எப்படியோ ஊருக்குள் வந்துவிட்டது. பாக்கெட் இல்லையென்றால் துருவின தேங்காய், துருவின தேங்காய் என்றால் துருவியவள். அவளுக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்பதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. மண்டபத்துக்காரர், "அந்தப் பொம்பளைங்கள இனிமே உள்ள விடாதீங்க" என்று சொல்லிவிட்டார். பெரிய தெருவில் ஒரு வீட்டில் அவள் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்களாம். இதை அஸார்தான் வந்து சொன்னான், பேச்சுவாக்கில், ஒரு சுவாரசியமான சேதி போல. "நல்லவேளை மாமா, பழி உங்க மேலேர்ந்து எறங்கிடுச்சு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கலந்தர் வாயில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பாவம் தன் வீட்டிலேயே இருக்கும்போது அந்தப் பழமொழி எவ்வளவு கசக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டம்ளரைத் தனியாக வைத்தார்கள் என்ற பேச்சுத்தான் அவரை உலுக்கியது. அந்த மாதிரி டம்ளர்களை வைரக்கண்ணுவின் அம்மா காலத்தில் வயல்பக்க ஊர்களில் பார்த்திருக்கிறார். தன் பாக்கெட் மறுபடி அதைக் கொண்டு வந்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது.

உள்ளே போய் சைத்தூன் பீவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"பாக்கெட்டக் கொண்டாந்து எங்கிட்டதானே குடுத்தீங்க. முப்பது வருஷமா பாக்கெட்டே தொடாத மனுசன் எதுக்குத் துண்டுல சுத்தி எடுத்துட்டு வர்றாருன்னு யோசிக்க மாட்டேனா?"

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீங்களா எப்ப சொல்றீங்கன்னு பாத்தேன்." அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பரணிலிருந்த எவர்சில்வர் டின்னை இறக்கித் திறந்தாள். உள்ளே, வாய் மடித்து ரப்பர் பாண்டு போட்டு, அந்தப் பாக்கெட் இருந்தது.

"கோழிக்குப் போடச் சொன்னேனே."

"ஒரு கிலோ தேங்காய யாராவது கோழிக்குப் போடுவாங்களா? நோன்புப் பெருநாளைக்குப் பலகாரம் செய்யலாம்னு வச்சேன்."

கலந்தர் அந்த டின்னையே பார்த்தார். பெருநாளைக்குப் பேரப்பிள்ளைகள் ஏழு பேர் வருவார்கள். உடனே சட்டையை மாட்டினார்.

தஞ்சாவூர் பஸ்ஸில் அவர் மடியில் மறுபடியும் அதே மஞ்சள் பை. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு என்று பஸ் போக, சம்பா அறுத்த வயல்களில் உளுந்து பச்சையாகத் தலைதூக்கியிருந்தது. வெளியே பார்த்துக்கொண்டே என்ன சொல்வது என்று நாலு விதமாக ஒத்திகை பார்த்தார். ஆய்வகத்தில் மதிவதனியைப் பார்த்ததும் நாலும் மறந்துவிட்டன. பையை மேசைமேல் வைத்தார்.

"முதப் பந்திக்கு இதுதாங்க. நான்தான் வாங்கினேன், நான்தான் பிரிச்சேன். பொய் சொல்லிட்டேன்."

மதிவதனி கையுறை போட்டுக்கொண்டு பாக்கெட்டை எடுத்தார். பின்பக்கத்தைத் திருப்பித் தயாரித்த தேதியையும் தொகுதி எண்ணையும் படித்தார். முகத்தில் முதலில் மகிழ்ச்சி வந்தது, அப்புறம் கோபம் வந்தது. இரண்டையும் அவர் மறைக்கவில்லை.

"மூணு வாரம் பாய். மூணு வாரமா இது எல்லாக் கடையிலயும் வித்துக்கிட்டு இருந்திருக்கு. போன வாரம் மன்னார்குடியில ரெண்டு பிள்ளைங்க. அதே கிருமி. எதத் தின்னாங்கன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருக்கோம்."

"இப்ப எப்படி இருக்கு பிள்ளைங்க?" என்றார் கலந்தர்.

"நல்லா இருக்காங்க. வீட்டுக்குப் போயிட்டாங்க." கோபம் கொஞ்சம் இறங்கியது. "நீங்க இப்பவாவது கொண்டாந்தீங்க. நெறைய பேரு கொண்டாறதே இல்ல."

பாக்கெட்டில் கிருமி இருந்தது. அதையும் எழுத்தெழுத்தாக வாசித்தார்கள். பந்தியில் படுத்தவர்கள், மன்னார்குடிப் பிள்ளைகள், கடல் கடந்த துறைமுகம் எல்லாம் ஒரே கொடியில் வந்து நின்றன. தொகுதி எண் இருந்ததால் அந்தச் சரக்கு முழுவதையும் கடைகளிலிருந்து திரும்பப் பெற உத்தரவு போனது. இந்தக் கிருமியின் எழுத்தையும், எதிலிருந்து கிடைத்தது என்ற விவரத்தையும் மதிவதனி அந்தப் பொது இடத்தில் சேர்த்தார். பத்து நாளில், கலந்தர் பெயரே கேட்டிராத ஒரு நாட்டின் ஆய்வகம், தங்களிடம் காரணம் தெரியாமல் கிடந்த ஐந்து நோயாளிகளின் முடிச்சு இதனால் அவிழ்ந்தது என்று நன்றி எழுதியதாம். கலந்தரிடம் அதை மதிவதனியே போனில் படித்துக் காட்டினார். ஒரு பெரிய கடிதம் தன் பெயருக்கு வந்த மாதிரி அவர் எழுந்து நின்றுகொண்டு கேட்டார்.

"அறிக்கையில கடையில வாங்கின தேங்காய்த் தூள்னு மட்டும்தான் இருக்கும் பாய். யாரு பிரிச்சதுன்னு எழுத மாட்டோம். நீங்களும் சொல்லணும்னு அவசியம் இல்ல" என்று மதிவதனி கடைசியில் சொன்னார்.

நல்ல மனுஷி, நல்லதுக்குத்தான் சொன்னார். பேசாமல் இருந்தால் அப்சர் வீட்டார் யாரோ வாங்கிக் கொடுத்தது என்று ஊர் நினைத்துக்கொள்ளும். கலந்தர் வசனம் பிழைத்துக்கொள்ளும். அந்த யோசனை அவருக்கு இரண்டு நாள் இருந்தது, அதை மறைப்பானேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் படியில் நின்று தொண்டையைச் செருமினார்.

"அப்சர் வீட்டு முதப் பந்தியில தூவினது பாக்கெட் தேங்கா. வாங்கினது நான். வைரக்கண்ணு தேங்காய ரெண்டாம் பந்தியிலதான் தூவினேன், அதச் சாப்பிட்டவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல. டம்ளர் ஒதுக்கி வைக்கணும்னா என் டம்ளர ஒதுக்கி வைங்க."

சர்க்கரைக்கார நால்வரில் ஒருவர்தான் முதலில் சிரித்தார். "அப்ப எங்களக் காப்பாத்துனது சர்க்கரதான்" என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். அப்சர் கிட்டே வந்து கையைப் பிடித்து, "மருமகன் நடந்த நடைக்கு ஒரு நாள் நீங்க பதில் சொல்லணும் காக்கா" என்றார். பக்கத்து ஊருக்குச் செய்தி போக ஒரு மணி நேரம் ஆகவில்லை. மறுநாள் காலை கலந்தர் வீட்டு வாசலில், காகிதத்தில் சுற்றி, ஒரு புதுக் கத்தரிக்கோல் கிடந்தது. கலந்தர் அதை எடுத்துப் பார்த்தார். வேண்டியதுதான் என்று அவருக்கே தோன்றியது. சைத்தூன் பீவி, நல்ல கூர்மை என்று சொல்லி உள்ளே எடுத்துப் போனாள்.

அதே நாள் அவர் பஸ் ஏறி வைரக்கண்ணு ஊருக்குப் போனார். அவள் உளுந்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் வரப்புக்கு வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"என்ன மன்னிச்சுடும்மா" என்றார் கலந்தர். "ஒரு பாக்கெட்ட மறைக்கப் போயி ஒன்ன மாட்டி விட்டுட்டேன்."

"நான் அன்னிக்கே பாத்தேன் பாய்."

"எத?"

"சாமான் ரூம்புல கீழ தூள் கொட்டிக் கெடந்துச்சே. பாக்கெட் மூலையக் கிழிச்சுப் போட்டிருந்தீங்க. துருவின தேங்காய்க்கும் தூளுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? நான்தான் கூட்டி அள்ளினேன்."

"டாக்டரம்மா ஒன்னக் கேட்டாங்கதானே?"

"மூணு தடவ கேட்டாங்க."

"ஏன் சொல்லல? இம்புட்டு நாளு பழியத் தூக்கிட்டு..."

வைரக்கண்ணு கையிலிருந்த களையை வரப்பில் போட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. "கலந்தர் பாய் பாக்கெட் வாங்கினாருன்னு நான் சொல்லியிருந்தா, யாரு பாய் நம்பியிருப்பா?"

முப்பது வருஷமாக ஊரெல்லாம் நம்பும்படி தன் வாயை வளர்த்தவர் அவர்தான். அந்த நம்பிக்கைக்கு எதிரே நின்று பேச அவளுக்கு இடமே விடவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவள் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு டம்ளர் நீராகாரம் ஊற்றி நீட்டினாள். குடித்தார். அவர் குடித்து முடித்த டம்ளரிலேயே அவளும் ஊற்றிக் குடித்தாள்.

"மூணு சோதனையும் நல்லா வந்தாத்தான் அடுப்புன்னாங்களாமே" என்றாள்.

"ரெண்டு வந்துடுச்சு. ஒண்ணு பாக்கி. பெருநாள் கழிச்சு எங்க தெரு ஹுமைரா கலியாணம் இருக்கு. அந்த வீட்டுல மட்டும் இன்னும் வேணாம்னு சொல்லல. நீ வரணும்."

"வர்றேன். எத்தன காயி?"

"நூத்தி இருவது."

"நாங்க நாலு பேரு பத்தாது. நீங்களும் ஒரு துருவி எடுத்துட்டு ஒக்காருங்க. முன்னால, எல்லாரும் பாக்குற எடத்துல."

மூன்றாவது சோதனையும் நல்லபடியாக வந்தது. ஹுமைரா கலியாணத்தன்று மண்டபத்துக்கு வந்தவர்கள் அதைத்தான் முதலில் பார்த்தார்கள். கறி தேக்சாவை ஒரு கையாளிடம் விட்டுவிட்டு, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, வாசலை ஒட்டிய பந்தலில் நாலு பெண்களுக்கு நடுவே காலை நீட்டிக் கலந்தர் பண்டாரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் சளைக்காமல் பதில் கொடுத்தார்.

வைரக்கண்ணு அவர் தட்டை இழுத்து ஒரு பிடி அள்ளி விரலால் கிளறிப் பார்த்தாள். "கருப்பு விழுகுது பாய். ஓடு வரைக்கும் சொரண்டுறீங்க. இத அல்வா மேல தூவ முடியாது, சட்னிக்கு வச்சுக்குங்க."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த மூடியை எடுத்தார் கலந்தர்.